பல் முளைத்த சிக்கல்

வயது அறுபத்தொன்று. சிவப்பு விளக்கில் டாக்ஸி நின்றதும் டிரைவர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, நாக்கை நீட்டுகிறார். நுனி மட்டும் மேல் பற்களுக்கு அடியில் எட்டிப் பார்க்கிறது. ஒரு சீட்டிச் சத்தம். மறுபடியும் நாக்கு. மறுபடியும் சீட்டி.

பக்கத்தில் பைக்கில் நின்றவனுக்குச் சுருக்கென்றது. "என்ன பெரியவரே, என்னையா கிண்டல் பண்றீங்க?"

"உன்னை எதுக்குப்பா? என் பல்லைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் 'டாக்ஸி பாய்'. சண்டைக்காரர் என்று பெயர். உண்மையில் அவருக்கு ஆகாதது ஒரே ஒரு சொல்தான்: பரவாயில்லை. துடைத்த கண்ணாடியில் கோடு தெரிந்தாலும், சக டிரைவர் வண்டியைக் கோணலாக நிறுத்தினாலும், அந்தச் சொல்லைக் கேட்டதும் காது சிவந்துவிடும்.

காரணம் பழையது. சிறுவயதில் குர்ஆன் ஓதப் பழகியபோது, முதலில் முடிக்கிறவனுக்குத்தான் பாராட்டு. இவர் எப்போதும் முதலாவது. நாக்கு எங்கே படுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், பள்ளிவாசல் மாலை வகுப்பில் உட்கார்ந்தபோதுதான், தொழுகைக்குத் தொழுகை ஓதும், குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவிலேயே ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்லி வந்தது தெரிந்தது. 'தால்' என்னும் அந்த எழுத்து, நாக்கின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் பிறக்கும். "இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு தொழுதவன் ஒருத்தனுக்குமா காது இல்ல?" என்று அன்றிரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

நாக்கைப் பழக்க ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. எழுத்து ஒருவழியாக வசப்பட்டபோது, குறுக்கே ஓடிய நாய்க்காக பிரேக் போட்டார். நாய் தப்பியது. முன்பற்கள் நான்கும் ஸ்டியரிங்கில் போயின.

பல்செட் வந்தது. பளபளப்பான, கச்சிதமான பல்செட். உட்புறம்தான் கொஞ்சம் தடிமன். நாக்கு நுனி விளிம்புக்குப் போகும் வழி அடைபட்டது. எழுத்து போய் சீட்டி வந்தது.

"ஊர்ல எல்லாரும் கோபம் வந்தா பல்லைக் கடிப்பாங்க. இவருக்குக் கோபமே பல்லு மேலதான்" என்கிறார் மனைவி. பாய் தொழும்போது அடுத்த அறையிலிருந்து சீட்டி கேட்டால் அவர் சிரிப்பதில்லை. அந்த அளவுக்கு விஷயம் தெரிந்தவர்.

வகுப்பு எடுக்கும் உஸ்தாத், பாயின் மருமகன் வயதுக்காரர், இளகிய மனசு. "நாக்குக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் பாய். அல்லாஹ் ஏத்துக்குவான். பரவாயில்ல, அடுத்த பாடத்துக்குப் போயிடலாம்" என்றார்.

வந்ததே கோபம். "முடியாதவனுக்குத்தான் உஸ்தாத் அந்தச் சலுகை! எனக்கு முடியலன்னு யார் சொன்னா? பல்லுக்குத்தான் முடியல. பல்லுக்காக நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

பல் டாக்டரிடம் போனார். "கடிக்க முடியுதா?" முடிகிறது. "சிரிச்சா நல்லா இருக்கா?" இருக்கிறது. "அப்புறம் என்ன பாய்?"

"என் சிரிப்பை யாரு டாக்டர் கேட்டா?"

இரண்டு முறை சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகியது சீட்டிதான்.

இன்று காலை, அந்தச் சிவப்பு விளக்கைத் தாண்டி, மூன்றாம் முறையாகப் போனார். நாற்காலியில் சாய்ந்தவர், வாயைத் திறப்பதற்குப் பதில் ஓதினார். அந்த எழுத்து வந்ததும் நிறுத்தி, நாக்கு முட்டும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். டாக்டர் விளக்கை இழுத்துக் குனிந்து பார்த்தார்.

"உள்பக்கம் தேய்ச்சா இடம் கிடைக்கும். ஆனா மெலிஞ்சிடும் பாய். எதையாவது கடிக்கும்போது பிளந்துடலாம். பொறுப்பு என்னுது இல்ல."

"கடிக்கிறதுக்குக் கடைவாய்ப் பல்லு இருக்கு டாக்டர். ஓதறதுக்கு இது ஒண்ணுதான்."

பல்செட்டைக் கழற்றி டாக்டர் கையில் வைத்தார். நாளை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டினார். பேரம் பேசியவர்களுக்கும் தலையாட்டல்தான்.

மாலை வகுப்பில் உஸ்தாத் அடுத்த பாடத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். பாய் உதட்டை இறுக மூடிக்கொண்டு, தாள்களைப் பின்னோக்கிப் புரட்டி, அல்ஹம்து சூரா இருந்த முதல் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார்.