கட்டுப் பிரிக்கும் முன்பே சொன்ன சாட்சி

சித்தி தூங்கிவிட்டாள். அவள் போனில் ரகசியமாக இந்த ஃபேஸ்புக் பதிவை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பு கம்பெனியில் உலைக்குழம்பு தெறித்ததில் அப்பாவின் இரண்டு கண்களுக்கும் கட்டு. அம்மா ஆஸ்பத்திரியில் கூடவே இருக்கிறாள். நாளை காலை கட்டைப் பிரிக்கிறார்கள். பார்வை வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

எங்கள் சபையில் நல்லது நடந்த பிறகுதான் எழுந்து சாட்சி சொல்வார்கள். காய்ச்சல் விட்டது, வேலை கிடைத்தது என்று.

இன்று மாலை உபவாச ஜெபத்தில் நான் எழுந்துவிட்டேன்.

"அப்பாவுக்கு இன்னும் சரியாகல. ஆனாலும் கர்த்தர் எங்ககூடத்தான் இருக்காரு."

ஒருவர்கூட அல்லேலூயா சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சபை ஆன்ட்டி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி அவசரம் உனக்கு? கண்ணு தெரிஞ்சப்புறம் சொல்லக்கூடாதா? நாளைக்கித் தெரியலன்னா மூஞ்சிய எங்க வெச்சிக்குவ?"

"தெரியலன்னாலும் இதையேதான் சொல்லுவேன் ஆன்ட்டி. 'கட்டுக்குள்ள இருட்டா கீது, ஆனா நான் தனியா இல்லமா'ன்னு அப்பாவே நேத்து சொன்னாரு."

ஆன்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"பாப்பா கரீட்டா சொல்லுது. அல்லேலூயா!"

ஆட்டோவே சிரித்தது, ஆன்ட்டியைத் தவிர.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்க மாட்டேன்.

இதுவரை கிடைத்தது ஒரே ஒரு அல்லேலூயா, அதுவும் விபூதி அண்ணனிடமிருந்து. சபைக்காரர்களே, கமெண்டில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. கட்டுப் பிரிக்கும் முன்பே வந்துவிடுங்கள்.