திருத்த வேலைக்காக மூடப்பட்ட மடாலயம்

எழுபதுகளில் சிட்னியில் எங்களுக்கு வாய்விட்டு அழ இடம் இருக்கவில்லை. சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நகரின் பரமட்டாப் பகுதியில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தோம். ஊரில் அம்மாவின் தகப்பனார் காலமாகிவிட்டார் என்று தந்தி வந்ததும், அம்மா யாழ்ப்பாணத்து முறைப்படி தலையில் அடித்துக்கொண்டு குரலெடுத்து அழுதார். கொஞ்ச நேரத்தில் வாசலில் பொலிஸ். அப்பா அம்மாவை அடிக்கிறார் என்று கீழ்வீட்டுக்காரர் அறிவித்துவிட்டார், பாவம். அம்மா அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு பொலிஸ்காரருக்குச் சிரித்துக் காட்டினார். அன்றோடு அழுகை நின்றது. சாப்பாடும் நின்றது. யார் பேசினாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை அப்பா எங்களைக் காரில் ஏற்றினார். மத்தியகால மடாலயம் பார்க்கப் போகிறோமாம். பள்ளிப் புத்தகத்தில் கண்ட வாள்வீரர்களை நினைத்துக்கொண்டு துள்ளிக் குதித்துப் போனேன். காட்டுக்குள் நின்றவையோ, இங்கிலாந்து மடாலயங்களைப் போல யாரோ துறவிகள் கட்டி, நூறு வயது ஆகுமுன்பே காட்டுத்தீயில் கூரையைப் பறிகொடுத்த கற்சுவர்கள். மத்தியகாலம் அப்பாவின் சொந்தச் சரக்கு. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்பா அம்மாவை உள்ளே கூட்டிப்போய் ஒரு கல்லில் இருத்தினார்.

"இஞ்சேரும், இனி அழும். இஞ்ச ஒருத்தருக்கும் கேளாது."

அம்மா அவரையே பார்த்தார். பிறகு, "என்ரை ஐயா!" என்று ஒரு குரல் எழுந்தது. மரத்திலிருந்த வெள்ளைக் கிளிகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அங்கே கூடையும் கையுமாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா, ஆக்கள் வருகினம்!"

தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற மனிதர் என் அப்பா. அவர் வளைவு வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "குளோஸ்ட், சேர். ரிப்பெயர்" என்றார். அந்த வெள்ளைக்காரர் கூரையில்லாத ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தார். உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மனைவியோடு திரும்பிப் போனார்.

வெகுநேரம் கழித்து அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து, "பாண் கிடக்கே?" என்று கேட்டார். கொண்டுபோயிருந்த ரொட்டி முழுவதையும் சம்பலோடு சாப்பிட்டு முடித்தார். எனக்கு மிச்சம் வைக்கவில்லை என்று அதற்கும் கோபித்தேன்.

முந்தின வருடம் பெரியப்பா இறந்த செய்தி வந்தபோது அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கூடப்பிறந்தவர் போயும் கல்லுப்போல இருக்கிறாரே என்று அம்மாவே குறைப்பட்டார். அந்த வாரம் அப்பா காரை எடுத்துக்கொண்டு தனியே எங்கோ போய், பொழுதுபட்டுத்தான் வந்தார். மடாலயத்துக்குப் போகும், பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தக் காட்டுப் பாதைக்குள், ஒருவரிடமும் வழி கேட்காமல் அவர் எப்படிக் காரைத் திருப்பினார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.