கழற்ற வேண்டாத மோதிரம்

அக்கா நம்மைவிட்டுப் போய், வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் கொடுத்தார். நான் அக்காவுக்கு இரண்டு வயது இளையவள். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பால் தலைவாரி, வாரத்துக்கு இரண்டு முறையாவது சண்டை போட்டு வளர்ந்தவள். அதனால் பொறுமையின் சிகரம், அன்பின் திருவுருவம் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. அக்காவுக்குப் பொறுமை உண்டு. ஆனால் அதெல்லாம் கையில் அரம் பிடித்திருக்கும்போது மட்டும்தான். மனிதர்களிடம் அவ்வளவாகக் காட்டியதில்லை. இதைப் படித்திருந்தால் முதலில் முறைத்திருப்பார், அப்புறம் சிரித்திருப்பார்.

அக்கா பிறந்தது ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா விழுப்புரத்துப் பக்கமிருந்து வேலைக்காக வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். இயந்திரப் பிரிவில், லேத் என்னும் கடைசல் இயந்திரத்தை ஓட்டும் டர்னர் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் மதுரைக்காரர்கள், அந்தப் பக்கம் நாகர்கோவில்காரர்கள். அக்கா மூன்று ஊர்ப் பேச்சும் கற்றுக்கொண்டு, சண்டைக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொள்வார்.

அப்பாவின் கல்யாண மோதிரத்தைப் பகலில் அவர் விரலில் பார்க்க முடியாது. இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் மோதிரம் போடக் கூடாது என்பது அங்கே விதி. காலையில் சங்கு ஊதுவதற்கு முன் அதைக் கழற்றி, மாதா படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். மாலையில் வந்து கை கழுவியதும் எடுத்துப் போட்டுக்கொள்வார். அக்கா ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை அப்பா கழற்ற மறந்துவிட்டார். அன்று மோதிரமும் போனது, விரலும் போனது. அந்த ஆணியை அம்மா பிடுங்கவும் இல்லை, அதில் வேறு எதையும் மாட்டவும் இல்லை.

சில வருடங்களில் அப்பா காலமானார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சேக்காட்டில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். பத்தாவது முடித்திருந்த அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் மின்சார ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பார். லேத்திலிருந்து வரும் பித்தளைச் சாமான்களின் ஓரத்தில் இருக்கும் பிசிறை அரத்தால் ராவி எடுக்க வேண்டும், அதுதான் வேலை. ராவி முடித்ததும் கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். கண்ணை நம்ப மாட்டார், விரலைத்தான் நம்புவார். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டம்ளர் விளிம்பு, கதவுத் தாழ்ப்பாள், நான் தைத்த ஜாக்கெட்டின் மடிப்பு என்று எதையும் தடவிப் பார்க்காமல் விட மாட்டார். "இங்க பிசிறு இருக்குடி" என்று என் தையலைக் குறை சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் நடுவில் மாமாவைப் பேசி முடித்தார்கள். மாமாவும் அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் டர்னர். எங்கள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை முதல் முறை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாமாவும் அவருடைய அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் செய்திருந்த தங்க மோதிரத்தை அம்மா பெருமையாக எடுத்துக் காட்டினார். காப்பி கொண்டுவந்த அக்கா தட்டைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

"வேலைக்குப் போறப்ப இதை இன்னா பண்ணுவீங்க?"

"கழட்டி வெச்சிட்டுப் போவேன். எல்லாரும் அப்டித்தான் பண்றாங்கோ."

"ஒரு நாள் மறந்துட்டா?"

"மறக்க மாட்டேன்."

"எங்கப்பாவும் அப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு."

மாமாவின் அம்மா, "அப்ப மோதிரமே வேணாம்மா, தாலி மட்டும் கட்டட்டும்" என்று சமாதானமாகச் சொன்னார். அக்கா விடவில்லை. "கோயில்ல நான் போடறதை அவர் கழட்டவும் கூடாது. அதால அவர் வெரல் பூடவும் கூடாது. ரெண்டும் நடக்கணும்" என்றார். அம்மா பின்னாலிருந்து கிள்ளியதை நான் பார்த்தேன். மாமா தலையைக் குனிந்து காப்பியைக் குடித்தார். இந்தப் பெண் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவாரோ என்று நாங்கள் பயந்தோம். அவரோ வாசல் வரை போய்த் திரும்பி, "நீயே ஒரு வழி சொல்லு. அட்த்த ஞாயித்துக்கெயம வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா சொன்ன வழி, மர மோதிரம். இயந்திரத்தில் மாட்டினால் மரம் உடைந்துவிடும், விரல் தப்பிவிடும். எங்கள் தெருத் தச்சரிடம் பழைய ரோஸ்வுட் கட்டில் காலின் துண்டு ஒன்று வாங்கி வந்தார். மாமாவின் விரல் அளவுக்கு ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்பச் சொன்னார். அது ஒரு தீப்பெட்டியில் வந்தது. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில், மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, மரத்தில் ஓட்டை மட்டும் போட்டு எடுத்து வந்தார். மிச்சமெல்லாம் வீட்டில்தான். உள்பக்கத்துக்கு அரை வட்ட அரம், வெளிப்பக்கத்துக்குத் தட்டை அரம், பிறகு உப்புத்தாள். நடுவில் ரம்பப் பிளேடால் சுற்றிலும் ஒரு பள்ளம் கீறி, அதில் பித்தளைக் கம்பியைப் பதித்துத் தட்டினார். சந்து விழுந்த இடத்தில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தார். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துத் துணியால் துடைத்தார். முதல் மோதிரம் என்பதால் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. ஆனாலும் கறுத்த மரத்தில் அந்த மஞ்சள் கோடு சுற்றிவரும் அழகைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. மரமா என்று அதுவரை முகத்தைத் தூக்கி வைத்திருந்த அம்மாகூட, வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

இரண்டாவது ஓலை ஞாயிறன்று மாமா அதை விரலில் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. கையைத் திருப்பித் திருப்பி ரசித்தார். அப்புறம் முகம் மாறியது.

"மரம் ஒடையும், சரி. இந்தப் பித்தள சுத்தி வருதே, இது ஒடையுமா? மரம் பூட்டாலும் கம்பி வெரலப் புடிச்சிகினு நிக்குமே."

அக்கா மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எட்டு மணி நேரமும் பித்தளையோடு பழகுகிறவருக்கு அழகைப் பார்த்த மயக்கத்தில் பித்தளையின் குணம் மறந்துபோயிருந்தது. யாருக்காகச் செய்தாரோ அவருடைய விரலையே எடுக்கக்கூடிய ஒன்றைச் செய்து, மெழுகு வேறு போட்டு வைத்திருந்தார். அன்று மாலை முழுவதும் அந்தக் கோபத்தை என்மேல்தான் காட்டினார்.

மறு வாரம் புதிதாக இரண்டு மோதிரங்கள் செய்தார். இந்த முறை மரம் மெல்லியது. கம்பியை மூன்று துண்டாக வெட்டி, துண்டுக்கும் துண்டுக்கும் இடையே ஒரு நெல் அகலம் மரத்தை அப்படியே விட்டார். ஒன்றைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார். இடைவெளியில் பட்டென்று பிளந்தது. தான் செய்த பொருள் உடைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. மற்றொன்றுதான் கல்யாண மோதிரம். உடைந்த துண்டுகளைக் காட்டியதும், தொழிற்சாலையில் மாமாவின் மேற்பார்வையாளரும் அதைத் தடுக்கவில்லை.

மர மோதிரத்தைக் கோயிலில் மந்திரித்து ஆசீர்வதிக்கலாமா என்று அம்மாவுக்குக் கடைசிச் சந்தேகம். எங்கள் கோயிலின் பாதிரியாரான பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஆண்டவர் தச்சர் வீட்டுல வளந்தவரும்மா. மரத்தைப் பார்த்து அவருக்கு என்ன கூச்சம்?" என்றார். அந்தத் தங்க மோதிரம் வெகு நாள் பெட்டியில் கிடந்து, பின்னாளில் அக்கா மகளின் காதில் கம்மலானது.

பித்தளை முழுதாகச் சுற்றிய அந்த முதல் மோதிரத்தை அக்கா எறியவில்லை. ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தார். "நீங்க மிஷினை விட்டு எறங்கற அன்னிக்கு இதைப் போட்டுடறேன். அதுக்கப்புறம் அது ஒடையவே வேணாம்" என்று மாமாவிடம் சொல்வார். மாமாவும் வருடா வருடம் பதவி உயர்வுப் பரீட்சை எழுதுவார். வருடா வருடம் அடுத்த முறை பார்க்கலாம் என்பார்.

கல்யாணமாகி ஆறேழு வருடம் இருக்கும். ஒரு மத்தியானம் மாமா அரை நாளிலேயே திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அன்று நானும் அங்கே இருந்தேன். கையில் எண்ணெய் துடைக்கும் பஞ்சு; அதற்குள் இரண்டு துண்டாக மோதிரம். சுற்றிக்கொண்டிருந்த இரும்பில் மாட்டி, கண் மூடித் திறப்பதற்குள் பிளந்திருக்கிறது. கோயிலில் போட்டதை உடைத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா அந்தப் பஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையைக் காட்டுங்க" என்று ஒவ்வொரு விரலாகப் பிடித்து, கட்டை விரலால் தடவிப் பார்த்தார். மோதிர விரலில் ஒரு கீறல், அவ்வளவுதான். "அது வந்த வேலைய முடிச்சிட்டுப் பூட்ச்சி. இதுக்கா அழுவறீங்க?" என்று சிரித்தார். பிறகு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து அவர்தான் வெகு நேரம் அழுதார். நான் பார்க்காததுபோல் அரிசி களைந்தேன். அப்பாவின் விரலுக்காக அன்று அழ முடியாத அழுகையும் அதில் சேர்ந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த வாரமே அடுத்த மோதிரம் தயாரானது. பழைய நூல் முடிச்சு பற்றவில்லை. "ரேஷன் அரிசில இவ்ளோ சதையா?" என்று மாமாவைக் கேலி செய்தபடி புதிய நூலைச் சுற்றினார்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியிருந்த நேரம், போன ஆண்டின் தொடக்கத்தில் வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. கட்டி என்றார்கள். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவரை மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு நாள் என்னிடம், அரை வட்ட அரமும் உப்புத்தாளும் பவுடர் டப்பாவும் வேண்டும் என்றார். இந்த நிலையில் எதற்கு என்று நான் சத்தம் போட்டேன். "கை சும்மா கீதுடி, பயமா கீது" என்றார். அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டது அது ஒருமுறைதான். கொண்டுபோய்க் கொடுத்தேன். போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு எதையோ ராவுவார்; ஐந்து நிமிடம் ராவினால் அரை மணி நேரம் கண்மூடிக் கிடப்பார். படுக்கையில் தூள் விழுகிறது என்று நர்ஸம்மா திட்டினார். பார்வையாளர் நேரத்தில் மாமா வந்தால் அக்கா அவர் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்வார். அக்கா அப்படியெல்லாம் வெளிப்படையாகக் காட்டும் ஆளில்லை. நாங்கள் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். அடுத்த வாரமே, சாமியார் வந்து நோயில்பூசுதல் என்னும் கடைசி எண்ணெய் பூசி முடித்து, செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் மூச்சு அடங்கியது.

மாமாவுக்குப் பதவி உயர்வு ஆணை போன மாதம்தான் வந்தது. இனி அவர் மேற்பார்வைதான் செய்ய வேண்டும். இயந்திரத்தைத் தொட வேண்டியதில்லை. ஆணையோடு என் வீட்டுக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்தார்.

"போட்டுடறேன்னு சொல்லிகினு இருந்தா. இது அப்பவே கரெக்டா இருந்திச்சு. இப்ப சுண்டு வெரல்லகூட பூராது" என்றார். "சும்மா வெச்சுக்குங்க மாமா" என்று சொன்னேன். இருந்தாலும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

விரல் முட்டியைத் தாண்டி மோதிரம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

மெதுவாகக் கழற்றி உள்ளே பார்த்தோம். வெளியே மரம் பழசாகிக் கறுத்திருந்தது. உள்ளே மட்டும் புதிதாக ராவிய நிறம். நான் கட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பிசிறே இல்லை. டப்பாவின் அடியில், முடிச்சுப் போட்ட ஒரு நூல். "எப்ப அளவெடுத்தா?" என்று மாமா கேட்டார். எனக்கு அந்த மருத்துவமனை ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்த இரண்டு கைக்குள் என்ன நடந்திருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அப்போது அழுதேனா சிரித்தேனா என்று இப்போது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பட்டறைத் தோழிகளுக்கும், அந்த மாதங்களில் அக்கா மகளைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்பிய சேக்காட்டு அண்டை வீட்டாருக்கும், கடைசிவரை வந்து செபித்த பங்குச் சாமியாருக்கும், திட்டிக்கொண்டே தினமும் படுக்கையை உதறிப்போட்ட நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

ஞாயிறன்று நினைவுத் திருப்பலிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் மாமாவின் விரலில் அந்த மோதிரத்தைப் பார்க்கலாம். கையைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், தடவியும் பாருங்கள். நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கழற்றித் தர மட்டும் கேட்காதீர்கள்.