அக்கா வரைந்த அணில்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கு அக்காவின் ஒரே தம்பி எழுதுவது.

அக்கா பிறந்தது ராஜபாளையத்தில். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். அத்தான் இளம் வயதிலேயே காலமாகிவிட, மம்சாபுரத்தில் பாலர் வகுப்பு ஆசிரியையாக வேலை பார்த்து ஒற்றை மகளை ஆளாக்கினார்கள். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்கள். நானோ போலீஸ்காரன். காப்பியில் சர்க்கரை கூடினாலும் ஏன் என்று யோசிக்கிற ஆள்.

ஓய்வு பெற்றபின் அக்கா டேப்லெட்டில் வரையக் கற்று, ஞாயிறுதோறும் ஆலயத்தில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக நீதி சொல்லும் குட்டிக் கார்ட்டூன் படங்கள் செய்தார்கள். குரல் கொடுப்பது குடும்பத்தார்தான். எனக்கு ஒவ்வொரு படத்திலும் சந்தேகம். பிடிவாதக் கன்றுக்குட்டி யார்? வீம்புக்காரச் சேவலுக்கு என் மீசை எதற்கு?

அப்புறம் அணில் படம் வந்தது. எங்கள் வீட்டு மாமரத்தின் முதற்பலனை, முதலில் பழுக்கும் பழத்தை, ஆலயத்தில் படைக்குமுன் யாரும் வாயில் வைக்கக் கூடாது. சிறுவயதில் ஒருமுறை அந்தப் பழம் காணாமல் போயிற்று. நான் இல்லை என்று கதறியும் அப்பா என்னைத்தான் அடித்தார். படத்திலும் அணில் முதல் பழத்தைத் தின்றுவிட்டு, "நான் தின்னவே இல்ல" என்றது. அங்கேயே படத்தை நிறுத்திவிட்டேன். அக்காவும் என்னைத்தான் திருடன் என்று நினைத்திருக்கிறார்கள், அதை ஊர்ப் பிள்ளைகளுக்கும் காட்டப் போகிறார்கள் என்று கொதித்தேன்.

அக்கா போனில் கூப்பிட்டார்கள். "ஏலே, அணில் படத்துல வர்ற மைனாவுக்கு உன் குரல் வேணும். ஒரே வரிதான்."

"வேற ஆளப் பாருக்கா."

அதோடு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமே போகவில்லை. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் போனேன்.

"படத்தக் கடைசி வரைக்கும் பாத்தியாலே?"

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டா ஒண்ணும் சொல்லாம இருக்க?"

"என்ன சொல்ல? நல்லாத்தான் இருக்கு."

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்கள்.

இந்த மலருக்குப் புகைப்படம் தேடியபோது அக்கா மகள் டேப்லெட்டைத் தந்தாள். "மாமா, இந்த அணில் படம் மட்டும் முடியல. உங்க குரலுக்காக அம்மா வச்சிருந்தாங்க." அன்றுதான் முழுதும் பார்த்தேன். அணில் சொன்ன பொய்யால் மைனாவுக்கு அடி விழுகிறது. கடைசியில் அணில் மைனாவிடம் போய், அக்காவின் குரலில் பேசுகிறது. "நான்தான் தின்னேன். அடி நீ வாங்குன. இம்புட்டு நாளும் சொல்லத் தைரியம் இல்ல. மன்னிச்சிருவியா?"

மைனா வாயைத் திறந்து மூடுகிறது. சத்தம் இல்லை. பழத்தைத் தின்றது அக்கா. அதை என்னிடம் சொல்லத்தான் அந்தப் படம். நான் பாதியில் நிறுத்தியதுமில்லாமல், படுக்கையில் கிடந்தவர்களிடம் பொய்யும் சொல்லியிருக்கிறேன். பதில் சொல்லாததை மன்னிக்க மறுத்ததாகவே அக்கா நினைத்திருப்பார்கள்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த சபையாருக்கும், அடக்க ஆராதனைக்கு வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மைனாவின் வரியைப் பேசிக் கொடுத்துவிட்டேன். "எப்பவோ மன்னிச்சிட்டேன்க்கா." போன ஞாயிறு பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.