எடை போட்டுப் பிரித்த கபடி

கள்ளக்குறிச்சி பேரூராட்சி கண்ணகியை வேலைக்கு எடுத்தது ரேடியோ போட. பூங்காவில் ஒரு சின்ன அறை, உள்ளே ரேடியோ, வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி. சாயங்காலம் செய்தி கேட்க வருகிறவர்களுக்காக அதைத் திருப்பிவிட வேண்டும், இருட்டியதும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். தினக்கூலி.

உடற்கல்வி படித்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்தவர் அவர். ரேடியோ தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்க, தான் எதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். கோமுகி ஆற்றோரம் பேரூராட்சிக்குச் சொந்தமான இடம் ஒன்று முள் மண்டிக் கிடந்தது. சும்மா திரிந்த பையன்களைச் சேர்த்து அதை வெட்டிச் சீர் செய்தார். கபடிக்குக் கோடு போட்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் விசில் ஊதுவதை முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. அடுத்த வாரம் அதே கூட்டம் ஆட வந்தது.

செயல் அலுவலர் தீனதயாளன் கண்டுகொள்ளவில்லை. பசங்க சாராயக்கடைப் பக்கம் போகாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

அந்தப் பக்கத்துக் கபடியில் ஒரு வழக்கம். அணிக்குத் தெருவின் பெயர்தான் வைப்பார்கள். எந்தத் தெரு என்றால் எந்தச் சாதி என்று யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. சாதாரண நாளிலேயே ஒரு புள்ளிக்கு மண்டை உடையும். எண்பத்தேழு செப்டம்பரில் வன்னியர்கள் தனி இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் செய்தார்கள். மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன, பஸ்கள் நின்றன, துப்பாக்கிச் சூடு நடந்தது. மரங்களை அப்புறப்படுத்திய பிறகும் தெருக்கள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டே இருந்தன.

கண்ணகியும் வன்னியர் சமுதாயம்தான். வடக்கனந்தல் சாலையில் சித்தப்பா பொன்னுரங்கத்துக்குப் பின்னால் அவரும் மறியலில் உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆனால் பொங்கல் கபடிக்கு அணி சேர்க்கும்போது, இந்த வருஷம் தெருப் பெயரே கிடையாது என்று அறிவித்தார். எடை பார்த்து அணி பிரிப்பதாகச் சொன்னார்.

தஸ்தகீர் பாயின் அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. பையன்கள் வரிசையாக ஏறினார்கள். ஒருவன் டவுசர் பையில் கல்லைப் போட்டுக்கொண்டு ஏறினான், இன்னொருவன் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். பாய் சிரித்துச் சிரித்து இருமினார். ஏறி முடிந்ததும் சிரிப்பு நின்றது. கனமானவர்கள் எல்லாம் கிணறும் கரும்பும் உள்ள வீட்டுப் பையன்கள். எடை கம்மியானவர்கள் எல்லாம் காலனிப் பையன்களும், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த மலைவாழ் பையன்களும்.

"இன்னாம்மா இது, என் தராசும் தெரு பாக்குது?" என்றார் பாய்.

கண்ணகி அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து யோசித்தார். எடை வாரியாகப் பிரித்தால் மறுபடி தெருவாரியாகத்தான் வரும். கடைசியில் ஓர் அணியின் ஏழு பேருடைய எடையையும் கூட்டினால் எல்லா அணிக்கும் ஒரே எடை வர வேண்டும் என்று மாற்றினார். கனமானவன் ஒருவன் வேண்டுமென்றால் ஒல்லியானவன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். பொன்னுரங்கத்தின் மகன் அய்யப்பன் எருமைக் கடா மாதிரி இருப்பான். அவன் அணிக்குக் கணக்கு நேராக, வெள்ளிமலைச் சின்னக்கண்ணு தேவைப்பட்டான். காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு, கோட்டைத் தொட்டுத் திரும்புவதில் பாம்பு.

மறுநாளே பொன்னுரங்கம் வந்துவிட்டார்.

"இன்னாடி நெனச்சிக்கினு கீற? நம்ம தெரு பேரு இல்லாம ஆட்டமா? ரோட்டுல உக்காந்தது மறந்து போச்சா?"

"மறக்கல சித்தப்பா. எங்களுக்கும் ஒரு பங்கு குடுன்னுதான உக்காந்தோம்? மைதானத்துல காலனிப் பையன் அவன் பங்கைக் கேக்கக்கூடாதா?"

"அது வேற, இது வேற."

"எப்டி வேறன்னு சொல்லு. கேட்டுக்கறேன்."

பொன்னுரங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். நேராகப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். சாயங்காலம் தீனதயாளன் கண்ணகியைக் கூப்பிட்டார்.

"தெருவாரியா ஆடினா, தகராறு வந்தா தெருப் பெரியவங்க பதில் சொல்லுவாங்க. கலந்து வுட்டா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"நீ தினக்கூலி. உன் பதிலை யாரு கேப்பா? பழையபடி நடத்து. இல்லன்னா நாளையிலேர்ந்து ரேடியோவுக்கு வேற ஆளு."

கண்ணகி வீட்டுக்கு வரும் சம்பளம் அவருடையது மட்டும்தான். அது தீனதயாளனுக்கும் தெரியும். கண்ணகி விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பயந்துவிட்டார் என்று தீனதயாளன் நினைத்துக்கொண்டார்.

ஆட்டத்தன்று பையன்கள் வந்தபோது மைதானத்து கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் தீனதயாளனும் இரண்டு போலீஸ்காரர்களும்.

"தடையுத்தரவு இருக்கு. அஞ்சு பேரு கூடக்கூடாது," என்றார் தீனதயாளன்.

"கபடிக்கு ஒரு பக்கமே ஏழு பேரு சார். நாலு பேரு ஆடற கபடி ஒண்ணு கண்டுபுடிச்சிக் குடுங்க, ஆடறோம். நேத்து சந்தையில கூடினவங்கள நீங்க எண்ணலியா?"

ஒரு போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். கண்ணகி பையன்களைக் கூட்டிக்கொண்டு வேலியைச் சுற்றி ஆற்றுக்குள் இறங்கினார். தண்ணீர் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் மணல் விரிந்து கிடந்தது. குச்சியால் கோடு கிழித்தார்.

"இன்னாம்மா பண்ற?" என்று மேலிருந்து தீனதயாளன் கத்தினார்.

"ஆறு பொதுப்பணித்துறையுது சார். உங்க பூட்டு இங்க செல்லாது."

ஊரே கரையில் ஏறி நின்றது, தடையுத்தரவை மறந்து போலீஸ்காரர்களும் நின்றார்கள். பொன்னுரங்கத்தின் ஆட்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம், கடைத்தெரு ஆட்கள் ஒரு பக்கம். இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் ஒரு குழப்பம். யாருக்காகக் கத்துவது? எந்த அணியைப் பார்த்தாலும் அதில் தன் தெருப் பையன் ஒருவன் இருந்தான், எதிர் அணியிலும் ஒருவன் இருந்தான். "இவனப் புடிடா" என்று ஆரம்பித்தவர், பிடிபடுகிறவன் தங்கை மகன் என்று பார்த்துப் பாதியில் வாயை மூடினார்.

சின்னக்கண்ணு பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டான். திரும்புகையில் கடைத்தெருப் பையன் ஒருவன் காலைப் பிடித்துச் சாய்த்தான். சின்னக்கண்ணு மணலில் முகம் குப்புற விழுந்தான். கரையில் சத்தம் அடங்கியது. அய்யப்பன் பாய்ந்து வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று போலீஸ்காரர்கள் லத்தியோடு இறங்கினார்கள். அய்யப்பன் சின்னக்கண்ணுவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "விரலு கோட்டுக்கு இந்தாண்ட கீதுக்கா! மூணு பாயிண்டு! மூணு!" என்று கண்ணகியின் முகத்துக்கு நேரே கத்தினான். கண்ணகி குனிந்து கோட்டைப் பார்த்தார். மூன்று விரல் காட்டினார்.

"குடுத்துட்டாடா!" என்று கரையில் முதலில் குதித்தவர் பொன்னுரங்கம்.

அதற்காக வேலை திரும்பி வரவில்லை. மறுநாள் ரேடியோ அறையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மைதானத்தையும் அவரிடமே கொடுத்தார்கள். கேட்டைத் திறந்து வைத்து, தெருவாரியாகப் பெயர் கொடுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை. பையன்கள் பாய் மண்டித் தராசில் ஏறி இறங்கிவிட்டு ஆற்று மணலுக்குப் போனார்கள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து சர்க்கரை ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் டிராக்டர் பிடித்து வரத் தொடங்கினார்கள். கண்ணகி காலையில் பாய் மண்டியில் கணக்கு எழுதினார், சாயங்காலம் விசில் ஊதினார்.

கோடையில் தீனதயாளன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார்.

"பேரூராட்சி மன்றத்துல பேசிட்டேன். விளையாட்டு அமைப்பாளர்னு ஒரு வேலை. ரேடியோ இல்ல. நீ எப்டி வேணா அணி பிரிச்சிக்க. ஒரே ஒரு வார்த்தை, நடந்தது தப்புன்னு தலைவர்கிட்ட சொல்லிடு."

"தப்பா சார் நடந்துது?"

அவர் மணலைப் பார்த்தார். "சரி, வுடு. இந்தா சாவி."

கண்ணகி கையை நீட்டவில்லை. "சாவி வேணாங்க. பூட்டு கீறவரைக்கும் நாளைக்கு இன்னொருத்தர் பூட்டுவாரு. கேட்டைக் கழட்டச் சொல்லுங்க."

"கேட்டு இல்லாம மைதானமா?"

கண்ணகி ஆட்டத்தின் பக்கம் திரும்பினார். விசிலை வாயில் வைத்தார், பாதியில் நின்ற ஆட்டம் தொடர்ந்தது. பேரூராட்சி ஆட்கள் வந்து கேட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர் ஒருவனைக்கூட மைதானத்துக்குள் அனுப்பவில்லை.