கிட்டங்கிச் சாவி

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம். மதுரையில் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் ஆரம்பித்திருந்தேன்.

அந்த வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. சரக்கு வந்து இறங்குவது கோடையில், விலை ஏறுவது மழைக்காலத்தில். அதுவரை சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்க முதல் வேண்டும். என்னிடம் அது கிடையாது. கீழமாசி வீதியில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்திய ஒரு சின்ன பேங்க் இருந்தது. மில் தொழிலாளிகள், வண்டிக்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள் எல்லாம் அதில் பணம் போட்டு வைத்திருந்தார்கள். அந்த பேங்க்தான் சரக்கின் பேரில் எனக்குக் கடன் கொடுத்தது. ஓலையில் பொதிந்து கட்டிய கருப்பட்டிச் சிப்பங்கள் சரக்கு வைக்கும் என் கிட்டங்கியில் இருக்கும். கதவில் பேங்கின் பூட்டு தொங்கும், சாவி பேங்கில் இருக்கும். நான் பணம் கட்டக் கட்ட அவர்கள் ஆள் வந்து திறந்து, அந்த அளவுக்குச் சரக்கை வெளியே விடுவார். 'இங்குள்ள சரக்கு பேங்குக்கு ஈடு' என்று பேங்கின் பெயரோடு ஒரு தகரப் பலகையும் கதவில் அடித்திருந்தார்கள்.

அன்று காலை நான் கடை திறந்து உட்கார்ந்திருந்தபோது, எங்களிடம் சுமை தூக்கும் ஆள் நனைந்துகொண்டே ஓடிவந்தார்.

"அண்ணே, வேப்பமரக் கிளை முறிஞ்சு கிட்டங்கி ஓட்டு மேல விழுந்துருச்சு. தண்ணி உள்ள இறங்குதுண்ணே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கதவுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது. கருப்பட்டி கரைகிற வாசனை சந்து முழுக்க அடித்தது. கூரைமேல் ஏறி மூடலாம் என்றால், ஓடெல்லாம் நொறுங்கிப்போய்க் காலை வைக்க இடமில்லை. உள்ளே போய்ச் சிப்பங்களை மறுபக்கம் மாற்றினால்தான் உண்டு.

"பூட்ட ஒடச்சிருவோம்ணே" என்று அவர் கடப்பாரையை நீட்டினார். வாங்கியும் விட்டேன். ஆனால் ஈடு வைத்த சரக்கின் பூட்டை நானே உடைத்தால் கேஸ் ஆகும். அதற்குப்பின் எந்த பேங்க் என்னை வாசல்படி ஏற்றும்? கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு பேங்குக்கு ஓடினேன்.

கீழமாசி வீதி முக்குத் திரும்பியதும் கால் தானாக நின்றுவிட்டது. பேங்க் வாசலில் மழையோடு மழையாக ஒரே கூட்டம். வெளியூரில் எங்கோ ஒரு பெரிய பேங்க் கதவைச் சாத்திவிட்டதாம். அந்தச் செய்தி வந்ததிலிருந்து, இதுவும் சாத்தப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஆளாளுக்குப் பாஸ் புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நெருக்கித் தள்ளினார்கள்.

"நான் பணம் எடுக்க வரலைங்க, வழி விடுங்க" என்றேன். பணம் எடுக்க வராதவன் அன்றைக்கு அங்கே எதற்கு வருவான்? ஒருத்தர் என் மார்பில் கையை வைத்துப் பின்னால் தள்ளினார்.

பக்கத்துச் சந்து வழியாகப் போய் பேங்கின் பின் ஜன்னலைத் தட்டினேன். வெகுநேரம் கழித்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"இப்ப நான் வெளிய கால வச்சா, பணத்தோட ஓடுறான்னு கொன்னுருவாங்க பாய். குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் பணம் பட்டுவாடா பண்ணிக்கிட்டு இருக்காங்க. யார நான் அனுப்புறது?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடன் வாங்கியவன் கையில் சாவியைக் கொடுப்பது அவர்கள் சட்டத்தில் கிடையாது. அது எனக்கும் தெரியும். அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஒரு கைக்குட்டை முடிச்சைக் கம்பிக்கு இடையில் நீட்டினார்.

"என் வேலைய ஒங்க கையில குடுக்குறேன் பாய். ஓடுங்க."

நான் திரும்புவதற்குள் சந்து முனையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "பின்பக்கமா பணம் குடுக்குறாங்கடோய்!"

அவ்வளவுதான். சந்து நிறைந்துவிட்டது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி. மில் வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"எங்கள மழையில நிக்க வச்சுட்டு ஒனக்கு மட்டும் சன்னல் வழியாவா? என்னய்யா அது? அவுத்துக் காட்டு!"

முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். சாவியைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

"பணப்பெட்டிச் சாவிடா! பெட்டிச் சாவியவே குடுத்து அனுப்புறான்!" என்று யாரோ கத்தினார்கள். முதுகில் ஒரு அடி விழுந்தது. தொப்பி கீழே விழுந்து மிதிபட்டது. சுவரோடு சுவராக நெருக்கினார்கள். மூச்சு முட்டியது. மேனேஜர் ஜன்னலில் நின்று ஏதோ கத்துகிறார், ஒருவர் காதிலும் விழவில்லை. இன்றோடு முடிந்தோம் என்றே நினைத்தேன். வீட்டில் கைப்பிள்ளையோடு இருந்த மனைவியின் முகம் வந்துபோனது.

"அக்கா, இது என் கிட்டங்கிச் சாவி. கீழவாசல்லதான் இருக்கு. சட்டைய விடாதீங்க. இப்படியே பிடிச்சுக்கிட்டு கூட வாங்க. பொய்யா இருந்தா அங்க வச்சு என்னை என்ன வேணாலும் செய்யுங்க" என்றேன்.

அந்த அம்மா என்னைச் சந்து முனைப் பக்கம் திருப்பினார். "நட. நானும் வாரேன்."

சட்டையை அவர் விடவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கும்பல். மழையில் அப்படியே என்னை நடத்திக்கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் திருடனைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்களில் இரண்டு பேர், என்னைப் போலீஸில் கொடுப்பதா, அங்கேயே கட்டி வைப்பதா என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.

கிட்டங்கி வாசலில் வந்து நின்றதும், எழுத்துத் தெரிந்த ஒருவர் தகரப் பலகையில் இருந்த பேங்கின் பெயரை உரக்கப் படித்தார். சத்தம் கொஞ்சம் அடங்கியது. பூட்டைத் திறந்தேன். கூரை ஓட்டை வழியாகத் தண்ணீர் அருவி மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. கீழ் வரிசைச் சிப்பங்கள் சரிந்து குழம்பாகிக் கிடந்தன.

"இதுக்கும் பேங்குக்கும் என்னய்யா?" என்றார் அந்த அம்மா.

"நீங்க போட்ட பணத்தத்தான்க்கா எனக்குக் கடனாக் குடுத்திருக்காங்க. பெட்டிக்குள்ள அம்புட்டுப் பணமும் இருக்காது. இங்க கருப்பட்டியா அடுக்கி இருக்கு. இத வித்து நான் கட்டுனாத்தான் அவுக ஒங்களுக்குக் குடுக்க முடியும்."

அவர் குனிந்து, காலடியில் ஓடிய தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப இது கரையுறது எங்க காசா?"

நான் பதில் சொல்வதற்குள் என் சட்டையை விட்டுவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினார். "என்னடா வேடிக்க பாக்குறீக? தூக்குங்கடா!"

என்னை அடித்தவர்களும் சேர்ந்துதான் தூக்கினார்கள். வண்டிக்காரர் ஒருவர் சிப்பங்களை மூடத் தன் வண்டிப் படுதாவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கைமாற்றிக் கைமாற்றிச் சிப்பங்கள் எல்லாம் மழை படாத பக்கம் போய்ச் சேர்ந்தன. தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் ஒட்டி எல்லாருமே ஒரே நிறமாகிவிட்டோம். மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது.

பூட்டிய பிறகு சாவியை நான் தனியாக எடுத்துப்போகத் துணியவில்லை. அந்த அம்மாவே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின் ஜன்னலில் மேனேஜரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பேங்க் வாசலில் நின்று, தான் பார்த்ததைத் தன் பாஷையில் சத்தமாகச் சொன்னார். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு, கேட்டும் நகராமல் நின்றவர்கள் அதைவிட அதிகம். அந்த அம்மாவும் வரிசையில் போய் நின்றுகொண்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மக கல்யாணம் வருது பாய். பாதிய எடுத்துக்கிறேன், பாதி கெடக்கட்டும்" என்றார். அன்று சாயங்காலம்வரை வந்தவர்களுக்கெல்லாம் பேங்க் பணம் கொடுத்தது. மறுநாள் கூட்டம் பாதியாகக் குறைந்தது. அதற்கு அடுத்த வாரம் வழக்கம்போல ஆகிவிட்டது.

கரைந்துபோனதைச் சுண்ணாம்புக் காரையில் கலந்து அரைப்பதற்காகக் கொத்தனார்கள் அடிமாட்டு விலைக்கு வாங்கிப்போனார்கள். அந்த வருஷம் எனக்கு லாபம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் தை பிறப்பதற்குள் கடனை முழுக்கக் கட்டினேன். கடைசித் தவணையை வாங்கிக்கொண்ட மேனேஜர் எழுந்து நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த மழை நாள்வரை, எனக்குக் கடன் கொடுத்தது பேங்க் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்றும் தவணை கட்டப் போகும்போதெல்லாம், எனக்குப் பின்னால் பாஸ் புத்தகத்தோடு வரிசையில் நிற்பவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகுதான் பணத்தை நீட்டுகிறேன்.