பேச்சு மிஸ்ஸியின் முன்னால் வாயைத் திறக்காத மூன்று செவ்வாய்க்கிழமைகள்

இப்போது மனநல ஆலோசகரிடம் போகிறவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டு போகிறார்கள். எவ்வளவு நேரம் ஆகும், என்ன கேட்பார்கள், எங்கே உட்காரச் சொல்வார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுகிறார்கள். நான் போனபோது என் கையில் இருந்தது ஒரு எலுமிச்சம்பழமும் கொஞ்சம் வெற்றிலை பாக்கும்தான். அந்த அறையில் என்ன நடக்கும் என்று யாராவது சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

அது மெர்டேக்கா வருஷம், மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். நாங்கள் மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட தினமும் மலாய்க்கார மருத்துவச்சி ஒருத்தி வருவாள். சுதந்திரத்தன்று அவள் ஊர்வலம் பார்க்கப் போய்விட்டாள். என் மாமியாரும் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாடே சொந்தக் காலில் நிற்கப் போகிறது, நான் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்ட மாட்டேனா என்று எனக்கு ஒரு வீறாப்பு. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்தேன். கொஞ்சம் தாராளமாகவே தேய்த்துவிட்டேன். தூக்கும்போது கை வழுக்கி, பிள்ளை சிமெண்டுத் தரையில் விழுந்தது.

ஒரு சாண் உயரம்தான். வீறிட்டு அழுதான், பால் குடித்தான், தூங்கிவிட்டான். நெற்றியில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். மாமியார் வந்து கேட்டபோது எறும்பு கடித்துவிட்டது என்றேன். அந்த வாரம் முழுக்க அவர் மண்ணெண்ணெய்ப் போத்தலும் கையுமாக அலைந்து வீட்டிலிருந்த எறும்புகளை வேரோடு ஒழித்தார். அவை ஒரு பாவமும் அறியாதவை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து என்னால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. குனிந்தாலே இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு முட்டும். யாராவது பக்கத்தில் கொண்டுவந்து போட்டால் படுத்தபடி பால் கொடுப்பேன். பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயந்தேன். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று பெயர் வாங்கிவிடுவேனோ என்று நடுங்கினேன்.

மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் உடனே முடித்துவிட வேண்டும் என்கிற அவசரக்காரர். முதலில் எஸ்டேட்டில் அருள்வாக்கு சொல்லும் பூசாரியிடம் கூட்டிப் போனார். அங்கே ஒரு முறை உண்டு. குறி கேட்கப் போகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. வெற்றிலை பாக்கையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டுக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார வேண்டும். என்ன குறை என்பதை அவரே சொல்ல வேண்டும், சொன்னால்தான் உண்மையான வாக்கு. நாம் முந்திக்கொண்டு உளறிவிட்டால், அதையே அவர் திருப்பிச் சொல்லிக் காணிக்கையை வாங்கிவிடுவார் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. பூசாரி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, கிழக்கே இருந்து ஒரு கண் பட்டிருக்கிறது என்றார். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே செமாபோக்கில் இருந்தது மாமியாரின் சொந்த மகள். அந்த நிமிஷமே பூசாரிக்குச் சக்தி போய்விட்டது என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்தபடியாக ஆஸ்பத்திரி.

டாக்டர் கையைத் தட்டிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார், உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒரு சீட்டு எழுதி, செவ்வாய்க்கிழமைகளில் வரும் ஓர் அம்மாளைப் பார்க்கச் சொன்னார். அவர் ஊசி போடமாட்டாராம், மருந்து கொடுக்கமாட்டாராம், பேசுவாராம். நர்சுகளை மிஸ்ஸி என்று கூப்பிட்ட வாயால் அவரைப் பேச்சு மிஸ்ஸி என்றார்கள். மருந்தில்லாமல் பேசியே குணமாக்குகிறவர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வகை ஆள்தான். மாமியார் புது எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்.

இதற்கிடையே வீட்டில் இன்னொரு பேச்சு முற்றியது. செமாபோக்கில் இருந்த அந்த நாத்தனாருக்கு, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. "தூக்கவே முடியலன்னா எப்படிமா வளப்ப? கொஞ்ச நாளு அவகிட்ட இருக்கட்டும். மார்கழி போவட்டும், தை பொறந்தா வழி பொறக்கும்" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் அம்மா சொன்னதற்கும் தலையாட்டினார், நான் அழுததற்கும் தலையாட்டினார். பிள்ளையில்லாத வீட்டுக்குக் கொஞ்ச நாளைக்கென்று போன குழந்தை திரும்பி வந்ததாக எங்கள் குடும்பங்களில் சரித்திரமே இல்லை. தை பிறப்பதற்குள் நான் என் பிள்ளையைத் தூக்கியாக வேண்டும்.

முதல் செவ்வாய்க்கிழமை. சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஜன்னலில் பச்சைத் திரை. வெள்ளைச் சேலை கட்டிய யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர். நான் எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டார். பதில் சொல்வேனா? நூல் விட்டுப் பார்க்கிறார் என்று நினைத்து உதட்டை இறுக்கிக்கொண்டேன். "அவசரமில்லை. உங்களுக்கு எப்ப சொல்லலாம் எண்டு தோன்றுதோ அப்ப சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அவரும் சும்மா இருந்தார். நான் அவரைச் சோதித்துக்கொண்டிருந்தேன், அவர் எனக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தார். கடிகாரம் மட்டும்தான் வேலை செய்தது.

வெளியே பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த மாமியார், "கண்டுபுடிச்சிட்டாங்களா?" என்றார். இல்லையென்று தலையாட்டினேன். "சின்ன வயசு லா. வாக்கு இன்னும் வரல போல" என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது வாரமும் மூன்றாவது வாரமும் அப்படியே போயின. ஒரு மாற்றம், எலுமிச்சம்பழத்தோடு ஒரு தேங்காயும் கொண்டு போயிருந்தோம்.

நாலாவது செவ்வாய்க்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. மார்கழி பிறக்க அதிக நாளில்லை. "மூணு வாரமா வரேன். உங்களால ஒண்ணுமே கண்டுபுடிக்க முடியலையா? இதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?" என்று கேட்டேவிட்டேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சிரித்து முடித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னில்தான் பிழை. முதல் நாளே நான் விளங்கப்படுத்தி இருக்கோணும். எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்" என்றார்.

"நானே சொல்றதுன்னா உங்ககிட்ட எதுக்கு வரணும்?"

"சொல்லுறதுக்குத்தான்."

பெரிய படிப்புப் படித்தவர் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். "நான் சொல்றத வெளிய இருக்கிறவங்ககிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். "உங்கட மாமியிட்டயும் சொல்ல மாட்டன், டாக்குத்தரிட்டயும் உங்களைக் கேக்காமல் சொல்ல மாட்டன்" என்றார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். எண்ணெய், சிமெண்டுத் தரை, எறும்பு, எல்லாம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன், அவர் அதைக் கவனிக்காதவர்போல இருந்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தலையைத் தடவுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. "விழுந்த பிள்ளையை ஆர் தூக்கினது?" என்று கேட்டார்.

"நான்தான். வீட்ல வேற யாரும் இல்ல."

"எந்தக் கையால?"

நான் என் கைகளைப் பார்த்தேன். இத்தனை வாரமும் இவற்றைக் கீழே போட்ட கைகள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஓடிப்போய் வாரியெடுத்து மார்போடு அணைத்ததும் இவைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகும் கை நடுங்கத்தான் செய்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் பாதி குறைந்த மாதிரி இருந்தது.

இனி போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன், ஒரே நாளில் வேப்பிலை அடித்து இறக்குகிற காரியம் இல்லை அது. வீட்டுப்பாடம் உண்டு. பாயில் உட்கார்ந்து மடியில் தலையணை வைத்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தச் சொல்லி, பத்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் இருபது. பயம் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று வந்து சொல்ல வேண்டும். ஒரு வாரம் ஐந்துக்குமேல் எண்ண முடியாமல் போய், இந்த மிஸ்ஸியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அங்கேயே சண்டை போட்டேன். "சரி, ஐஞ்சில இருந்து துவங்குவம்" என்றார். வீட்டில் உண்மையைச் சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்டால், "அது உங்கட விருப்பம். எதைச் சொன்னால் என்ன வரும் எண்டு சேர்ந்து யோசிப்பம்" என்பார். இப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன்.

தை பிறந்தது. பொங்கல் கழிந்த நாலாம் நாள் செமாபோக்கிலிருந்து அண்ணி மூன்று சக்கரப் பெச்சாவில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிமூட்டை. அவரே தைத்த சின்னச் சின்னச் சட்டைகள். மாமியார் பிள்ளைக்குப் பொட்டு வைத்து, நல்ல நேரம் போவதற்குள் புறப்படச் சொன்னார். அதுவரை நான் உட்கார்ந்தபடி முப்பது எண்ணும்வரைதான் பிடித்திருந்தேன். ஒருநாளும் பிள்ளையோடு எழுந்து நின்றதில்லை.

"அவன நான்தான் கீழ போட்டேன்" என்றேன்.

மாமியாருக்கு விளங்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், கையில் எண்ணெய் இருந்ததையும் நான் பொய் சொன்னதையும். "அதுலேர்ந்துதான் எனக்குப் பயம். இருந்தாலும் அவன் போவக் கூடாது. நான் வளத்துக்கிறேன்" என்று முடித்தேன். மாமியார் நல்ல நேரத்தையும் மறந்து, பிள்ளையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மாமியார் மடியிலிருந்து பிள்ளையை எடுத்து என்னிடம் வந்தார். "புடி" என்றார். நான் கையை நீட்டினேன், நடுங்கியது. பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, தன் இரண்டு கையையும் என் கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு கையை எடுத்தார், அப்புறம் இன்னொரு கையையும் எடுத்தார்.

மூட்டையைப் பிரித்துச் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். "இது கை நீளமா இருக்கும். மடிச்சு மாட்டி வுடு" என்றார். வெறும் துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பிள்ளை கிடைத்துவிட்ட சந்தோஷம் இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் அவர் முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பின்னாலேயே போனேன்.

பெச்சாவில் ஏறி உட்கார்ந்தவர், வண்டிக்காரனைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மிஸ்ஸிகிட்ட, புள்ள இல்லாதவங்களும் போய்ப் பேசலாமா?"

"பேசலாம் அண்ணி. செவ்வாக்கெழம காலையில வாங்க, நானே கூட்டிப் போறேன்" என்றேன். பிள்ளை என் தோளில் இருந்தான்.